இரண்டாவது பாஸ்வேர்ட்

சிவகாசியில் இன்டர்நெட் மெதுவாக வருகிறது என்று குறைப்படுகிறவர்களில் பாதிப் பேருக்கு மோடத்தை எங்கே வைக்க வேண்டும் என்று தெரியாது. மேற்குச் சன்னலோரம் வைப்பார்கள். மத்தியான வெயில் பட்டுச் சூடேறி அது நின்றுவிடும். உடனே டெலிபோன் ஆபீசைத் திட்டுவார்கள். உங்கள் ஸ்டேஷனிலும் அப்படித்தான் வைத்திருக்கிறீர்கள், ஐயா. உள்ளே வரும்போது பார்த்தேன். அதை மட்டும் நிழலுக்கு மாற்றிவிடுங்கள்.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். என் பெயர் காளிராஜ். சொந்த ஊர் தாயில்பட்டி. அப்பாவும் அம்மாவும் வேனில் பட்டாசு ஆலைக்குப் போய் வந்தவர்கள். என்னை அந்தப் பக்கமே விடாமல் விருதுநகரில் பாலிடெக்னிக் படிக்க வைத்தார்கள். படிப்பு முடிந்ததும் தங்கச்சாமி முதலாளியின் பட்டாசுக் கம்பெனியில் சேர்ந்தேன். டவுன் ஆபீஸ் சிவகாசியில் இருக்கிறது. ஆலை ஏழாயிரம்பண்ணையைத் தாண்டிக் காட்டுக்குள். இரண்டு இடத்திலும் கம்ப்யூட்டர் என்றால் என் பொறுப்பு.

ஆலைக் கம்ப்யூட்டரில் அடிக்கடி வைரஸ் ஏறும். ஒவ்வொரு தடவையும் நான் பஸ் ஏறிப் போய்ச் சரிசெய்து வர வேண்டும். அதனால் அதில் லினக்ஸ் போட்டேன். வைரஸ் தொல்லை நின்றது. ஆனால் அங்கே இருப்பவர்களுக்கு அது புதிது. எழுத்து பெரிதாகிவிட்டது, பிரிண்டர் பேசமாட்டேன் என்கிறது என்று போன் மேல் போன். இரண்டாயிரத்து ஏழில் ஆலைக்கும் பிராட்பேண்ட் வந்தது. இருந்த இடத்திலிருந்தே அந்தத் திரையைப் பார்க்கவும் இயக்கவும் வழி செய்யலாமே என்று தோன்றியது.

இதை எல்லோரும் மந்திரம் என்று நினைக்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. அங்கே திரையில் தெரிவதை அப்படியே வெளியே காட்டுகிற சின்னப் புரோகிராம் ஒன்றை ஏற்றினேன். அதைச் சும்மா திறந்து போட்டால் எவன் வேண்டுமானாலும் நுழைவான். ஆகவே எஸ்எஸ்ஹெச் என்கிற பூட்டிய குழாய்க்குள் அதைச் செலுத்தினேன். மோடத்தில் போர்ட் என்கிற வாசல் ஒன்றை மட்டும் திறந்துவிட்டேன். கரண்ட் போய் வரும்போதெல்லாம் இணைப்பின் முகவரியான ஐபி எண் மாறிவிடும். எந்த எண்ணுக்கு மாறினாலும் ஒரே பெயரைச் சொல்லித் தேடிப் பிடிக்கிற மாதிரி ஓர் ஏற்பாடு செய்தேன். அவ்வளவுதான். அங்கே உட்கார்ந்திருப்பவர் மவுஸை நகர்த்தினால் இங்கே என் திரையில் நகரும். நான் இங்கே நகர்த்தினால் அங்கே நகரும்.

முதலில் முதலாளிக்குக் காட்டினேன். ஆலை ஆபீசில் ஆள் இல்லாத நேரம். திரையில் அம்புக்குறி ஊர்ந்து போய், எந்தச் சரக்கு எந்த ஊருக்கு என்கிற லோடு விவரத்தைத் திறந்தது.

"ஏலே, அங்கன யாரு உக்காந்து ஆட்டுதா?" என்றார்.

"யாருமில்ல முதலாளி. நான்தான்."

பக்கத்து அச்சகத்துக்காரர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். பெங்களூரில் வேலை பார்க்கும் அவர் மகன் மணிகண்டராஜுக்குப் போன் போட்டுச் சொன்னார். அவருக்கும் ஒரு பாஸ்வேர்ட் கொடுத்தேன். அவருடையது பார்ப்பதற்கு மட்டும். எதையும் தொட முடியாது. தொடுகிற பாஸ்வேர்ட் என்னிடம் மட்டும் இருந்தது. அந்த ஒரு மாதம் என்னை எல்லோரும் மரியாதையாகப் பார்த்தார்கள்.

வேல்விழி அதற்குப் பிறகுதான் வந்தாள். ஆலை ஆபீசுக்கு ஆபரேட்டர் வேண்டும் என்று எடுத்தார்கள். சாத்தூரில் ஏதோ கோர்ஸ் படித்திருந்தாள். ஏழாயிரம்பண்ணைப் பெண். அவள் அம்மா சோலையம்மாள் அதே ஆலையில் பட்டாசுக்கு மருந்து செலுத்தும் அறையில் வேலை பார்த்தார். ஒரு விஷயத்தை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அந்தப் பெண் மேல் கோபம் எதுவும் கிடையாது.

லைன் ஒழுங்காக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள நாளுக்கு ஒரு தரம் எட்டிப் பார்த்தால் போதும். நான் பெரும்பாலும் திறந்தே வைத்திருந்தேன். ஒருவர் வேலை செய்வதைத் திரையில் பார்த்தாலே அவரைப் பற்றி எல்லாம் தெரிந்துவிடும். ஸ்ரீவில்லிபுத்தூர் என்று அடிக்க அவளுக்கு எப்போதும் தடுமாற்றம். அழித்து அழித்து அடிப்பாள். யோசிக்கும்போது அம்புக்குறியை வட்டமாகச் சுற்றுவாள். சாப்பாட்டு நேரத்தில் சீட்டு விளையாட்டைத் திறப்பாள். சில நாள் வெற்றுப் பக்கத்தில் தன் பெயரையும் அம்மா பெயரையும் விதவிதமான எழுத்துகளில் அடித்துப் பார்ப்பாள்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரம் முடிந்தும் சீட்டு ஓடிக்கொண்டிருந்தது. நான் அதை மூடினேன். அவள் திரும்பத் திறந்தாள். நான் திரும்ப மூடினேன். கொஞ்ச நேரம் அங்கே எதுவும் அசையவில்லை. பிறகு வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து, "யாரு?" என்று அடித்தாள். அதற்குக் கீழே, "யாருங்க பாக்கீக?" என்று அடித்தாள்.

நான் பதில் எழுதவில்லை. ஆபீஸ் விஷயம் அல்லாததைத் திரையில் பேசுவதில்லை என்பது என் கொள்கை. அவள் அடித்ததை மட்டும் ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன்.

அதற்கு அவள் செய்ததைக் கேளுங்கள். ஆயுத பூஜை அன்று டவுன் ஆபீசுக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். டிரைவர்கள், போர்மேன் சங்கையா, முன்னறைக் கிளார்க் செல்லக்கனி அக்கா, எல்லோரும். பொரி கொடுத்துக்கொண்டிருந்த முதலாளியிடம் அவள் போய் நின்றாள்.

"முதலாளி, நான் வேலை பாக்கயில கம்ப்யூட்டர் தானா அசையுது. யாரோ உள்ள இருந்து பாக்காக. எனக்கு அங்கன தனியா உக்காரவே கூச்சமா இருக்கு."

என் பெயரை அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலாவது நான் பதில் பேசியிருப்பேன். முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"ஏலே காளிராஜு, பொம்பளப் பிள்ளை உக்காந்திருக்க இடத்துல என்னத்தலே எட்டி எட்டிப் பாக்க?"

டிரைவர்கள் சிரித்தார்கள். சங்கையா பொரியை வாயில் போட்டுக்கொண்டே சிரித்தார். செல்லக்கனி அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எட்டிப் பார்ப்பதற்கு வழி செய்ததே நான்தான், அதைக் காட்டி ஊர் கூட்டியது நீங்கள்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. லீவில் வந்திருந்த மணிகண்டராஜ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு நயமாகத்தான் பேசினார். என் பாஸ்வேர்டை எடுத்துவிடும்படியும், இனி ஆலைக் கம்ப்யூட்டரில் கோளாறு என்றால் வேல்விழியே கூப்பிட்டுச் சொல்லட்டும், அப்போது மட்டும் அவள் முன்னிலையில் போட்டுக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அவர் கண் முன்னாலேயே எடுத்தேன். சாயங்காலம் இன்னொன்று போட்டுக்கொண்டேன். வீடு கட்டினவன் ஒரு சாவியைத் தன்னிடம் வைத்திருப்பது தப்பு என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

அதற்கப்புறம் அவள் உட்கார்ந்திருக்கும்போது நான் எதையும் தொட்டதில்லை. எழுந்து போகும்வரை காத்திருப்பேன். அம்புக்குறி வெகுநேரம் நின்ற இடத்திலேயே நின்றால் ஆள் இல்லை என்று அர்த்தம். லோடு விவரத்தில் இந்தூரை நாக்பூர் ஆக்கிவைப்பேன். புஸ்வாணம் என்று இருப்பதைச் சக்கரம் ஆக்குவேன். சின்னச் சின்ன மாற்றம்தான். சீசன் நேரத்தில் சரக்கு ஊர் மாறிப் போனால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். முதலாளி போனில் அவளை ஏசுவது மாடியில் என் அறை வரைக்கும் கேட்கும்.

அவள் அழுவது திரையில் தெரியாது. அம்புக்குறி ஒரே இடத்தில் நிற்கும். எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை வைத்து நாமாகத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

போகப் போக ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சரிபார்க்க ஆரம்பித்தாள். அடித்து முடித்ததைத் திறந்து பார்ப்பாள், மூடுவாள், மறுபடியும் திறப்பாள். செல்லக்கனி அக்காவிடம் போனில் சொன்னாளாம். "எனக்கு என்னமோ ஆயிருச்சுக்கா. நான் அடிச்சது ஒண்ணு, இருக்கது ஒண்ணு. சத்தியமா நான் இந்தூர்னுதான் அடிச்சேன்." சோலையம்மாள் அவளை இருக்கன்குடிக் கோயிலுக்குக் கூட்டிப் போய் வந்தார். போய் வந்த மறுநாள் நான் எதையும் மாற்றவில்லை. அதற்கு அடுத்த நாள் மாற்றினேன். அவளுக்கு வேலையில் கவனம் போதாது என்று முதலாளிக்குப் புரிய வேண்டும், அவளாகவே நின்றுகொள்ள வேண்டும், அதுதான் என் எண்ணம். இதில் பகை என்று சொல்ல என்ன இருக்கிறது?

இப்போது நீங்கள் கேட்ட அந்த நாளுக்கு வருகிறேன்.

காலையில் ஆலைக்கு, மருந்தில் கலக்கும் அலுமினியப் பவுடர் ஒரு லாரி வந்து இறங்கியிருந்தது. இறக்கிவிட்டு டிரைவர் டவுன் ஆபீசுக்கு வந்தார். செல்லக்கனி அக்காவிடம் பேச்சுவாக்கில், ராத்திரி காரியாபட்டிப் பக்கம் நல்ல மழை, தார்ப்பாய் கிழிந்து மூட்டைகள் நனைந்துவிட்டன, வெயிலில் வந்ததில் மேல் சாக்கு காய்ந்துவிட்டது என்றார். அக்கா பதறிப்போய் ஆலைக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். ஆலை வாசலில் வடநாட்டு லோடு ஏறிக்கொண்டிருந்தது. வேல்விழி அங்கே நின்று பெட்டி எண்ணிக்கொண்டிருந்தாள்.

கீழேயிருந்து அக்கா குரல் கொடுத்தார். "காளிராஜு, பேக்டரிக்கு லைன் இருக்கா? வேல்விழி போன எடுக்க மாட்டேங்கா."

"இருக்குக்கா. மெசேஜ் அனுப்புங்க. வந்து பாத்துக்கிடுவா."

கம்ப்யூட்டரில் செய்தி அனுப்பும் பழக்கத்தை நான்தான் ஆபீசில் கொண்டுவந்திருந்தேன். எதுவானாலும் எழுத்தில் இருந்தால் யாரும் எனக்குச் சொல்லவில்லை என்று தப்பிக்க முடியாதே. அக்கா கீழே அடித்தது ஆலைத் திரையில் ஒரு சின்னச் சன்னலாக வந்து நின்றது. மாடியில் என் திரையிலும் அதைப் பார்த்தேன். காலையில் வந்த பவுடர் மூட்டை எதையும் பிரிக்க வேண்டாம், உள்ளே நனைந்திருக்கிறது, சங்கையாவிடம் உடனே சொல், பிரித்திருந்தால் ஆட்களை வெளியே கூப்பிடு. இவ்வளவுதான் அதில் இருந்தது.

அம்புக்குறி அசையாமல் நின்றது.

நான் அதை நகர்த்தி அந்தச் சன்னலை மூடினேன்.

"போயிருச்சாலே?" என்று கீழேயிருந்து கேட்டார்.

"போயிருச்சுக்கா."

"பாத்துட்டாளா?"

"மூடிட்டா. பாத்திருப்பா."

அப்பாடா என்று அக்கா சொன்னது கேட்டது. மறுபடியும் போன் போடவில்லை. டிரைவருக்கு டீ வாங்கிவரச் சொன்னார்.

கொஞ்ச நேரம் கழித்து வேல்விழி இருக்கைக்கு வந்தாள். அம்புக்குறி வட்டமாகச் சுற்றியது. லோடு விவரத்தைத் திறந்தாள். லாரி எண்ணை அடித்தாள். பெட்டிகளை ஒவ்வொரு வரியாக அடித்துத் திரும்பிப் போய்ச் சரிபார்த்தாள். அன்று ஒரு பிழைகூட விடவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் பக்கத்தில்தான் போன் இருந்தது. வழக்கமாக ஒரு லோடு விவரத்தை முடிக்க அவள் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் பாதிகூட அப்போது ஆகியிருக்கவில்லை. இந்தூர் என்று அடித்தாள். அதை மூன்று தரம் உற்றுப் பார்த்தாள் என்று நினைக்கிறேன், அம்புக்குறி அந்தச் சொல்லின் கீழேயே போய்ப் போய் வந்தது. அடுத்த வரியைத் தொடங்கினாள். சொல் பாதியில் நின்றது.

முதலில் என் மோடத்தைப் பார்த்தேன். விளக்குகள் எல்லாம் எரிந்தன. டவுன் இணைப்பில் கோளாறு இல்லை. இணைப்பைத் துண்டித்து மறுபடி போட்டுப் பார்த்தேன். ஆலைப் பக்கம் பதில் இல்லை. அதன் பிறகுதான் கீழே போன் அடித்தது. செல்லக்கனி அக்கா அலறியது கேட்டது.

வெடித்ததில் இறந்தது மருந்து செலுத்தும் அறையில் இருந்த நாலு பேர். சோலையம்மாள் அதில் ஒருவர். ஆபீஸ் தள்ளி இருந்ததால் கண்ணாடியும் ஓடும்தான் விழுந்தன. வேல்விழிக்குக் கையில் காயம். அம்மாவைத் தேடி அவள் ஓடியபோது சங்கையா இடுப்பைப் பிடித்துத் தூக்கிவந்ததாகச் சொன்னார்கள்.

அன்று இன்னொருவரும் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் கவனிக்கத் தவறிவிட்டேன். வடநாட்டு லோடு கிளம்பிவிட்டதா என்று பெங்களூரில் இருந்து மணிகண்டராஜ் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒரே நேரத்தில் எத்தனை பேர் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று நான்தான் அமைத்திருந்தேன். இந்த விஷயத்தில் என் மேல் ஒரு தவறு உண்டென்றால் அந்தக் கவனக்குறைவைச் சொல்லலாம்.

அவர் கண்ணால் கண்டதை உங்களிடம் சொன்னார். செய்தி வந்தது, வந்த சூட்டோடு யாரோ அதை மூடினார்கள். யாரோ என்றால் அங்கே உட்கார்ந்திருந்தவள்தானே? செய்தியைப் பார்த்தும் சொல்லாமல் விட்டாள் என்று வேல்விழியையும், மூட்டையைச் சோதிக்கவில்லை என்று சங்கையாவையும் பிடித்துப் போனீர்கள். ஏழாயிரம்பண்ணையில் அவள் வீட்டு வாசலில் ஆட்கள் மண்ணை வாரித் தூற்றினார்களாம். பெற்ற தாயையே தின்றவள் என்று.

ஜாமீனில் வந்ததும் அவள் நேராக என்னைத் தேடி டவுன் ஆபீசுக்கு வந்தாள். கையில் கட்டு. முதலாளியைப் பார்க்கவில்லை. மாடிக்கு ஏறி வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணே, உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும். அந்த மெசேஜ் நிசமா வந்துச்சா?"

"வந்துச்சு."

"நான் பாக்கவே இல்லையேண்ணே. எனக்கு நெனப்பே இல்ல. ஆனா கொஞ்ச நாளாவே நான் செய்யிறது எனக்கே தெரிய மாட்டேங்கு. மூடிட்டு மறந்திருப்பனோ?"

"மறந்திருப்ப," என்றேன். "வேலை மும்முரத்துல அப்படி ஆகும்."

தலையை ஆட்டினாள். அம்மாவைக் கொன்றது தான்தான் என்று அவளாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டது முகத்தில் தெரிந்தது. ரொம்ப நாளைக்கு அப்புறம் அன்றுதான் அவள் என்னிடம் மரியாதையாக ஒரு சந்தேகம் கேட்டாள். குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

மணிகண்டராஜ் ஊருக்கு வந்து இடிந்த ஆலையைப் போய்ப் பார்த்தார். வாட்ச்மேன் அய்யாதுரை அவரிடம் ஏதோ புலம்பியிருக்கிறார். "ஆபீஸ்ல போன் அடிச்சுக்கிட்டே கெடந்துச்சு சின்ன முதலாளி. போன் அடிக்குது தாயின்னேன். லோடை முடிச்சிட்டுப் போறேன் தாத்தான்னுச்சு. அதுக்கு அப்புறமும் ரொம்ப நேரம் எங்கூடத்தான் நின்னுச்சு அந்தப் பிள்ளை." போனை எடுக்காததால்தான் செய்தி போனது. செய்தி வந்த சூட்டோடு மூடப்பட்டது. மூடப்பட்ட நேரத்தில் வேல்விழி வாசலில் நின்றாள். மணிகண்டராஜ் அங்கிருந்து நேராகச் செல்லக்கனி அக்காவிடம் வந்து, செய்தி அனுப்பிய பிறகு ஏன் மறுபடி போன் போடவில்லை என்று கேட்டிருக்கிறார். நான் சொன்னதை அக்கா அப்படியே சொல்லிவிட்டார்.

அவர் மாடிக்கு வந்தபோது நான் ஒரு பிரிண்டரைக் கழற்றி வைத்திருந்தேன்.

"என்னால பாக்கத்தான் முடியும், தொட முடியாது. நீங்கதானே அப்படிச் செஞ்சு தந்தீக?"

"ஆமா."

"உங்க பாஸ்வேர்டை எடுத்தாச்சு. அப்ப அவ மூடிட்டான்னு உங்களுக்கு எப்படித் தெரியும் காளிராஜ்?"

நான் ஸ்குரூவை முடுக்கி முடித்தேன். பிறகு உட்காரச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். நான் பொய் சொல்கிற ஆள் இல்லை, ஐயா. கேட்காதவரை சொல்லவில்லை, அவ்வளவுதான். அவர் என்னை அடிக்கவில்லை. அங்கேயே நின்று உங்களுக்குப் போன் போட்டார்.

நனைந்த பவுடர் என்ன செய்யும் என்று தெரியுமா என்று காலையிலிருந்து மாற்றி மாற்றிக் கேட்கிறீர்கள். தாயில்பட்டியில் பிறந்தவனுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உள்ளே வெந்துகொண்டே இருக்கும், மருந்தோடு சேர்ந்தால் வெடிக்கும் என்று சின்னப் பிள்ளையிலேயே தெரியும். சோலையம்மாள் எந்த அறையில் இருந்தார் என்பதும் தெரியும். செய்தியை முழுக்கப் படித்துத்தான் மூடினேன். அக்கா மறுபடி போன் போட்டுவிடக் கூடாது என்றுதான், வேல்விழி பார்த்திருப்பாள் என்று சொன்னேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஒரு தடவை, எல்லோர் முன்னாலும், பதில் சொல்ல முடியாத மாதிரி அவள் நிற்க வேண்டும் என்று நினைத்தேன். கையெழுத்து எங்கே போட வேண்டும்?

வேல்விழி மேல் இருந்த வழக்கை எடுத்துவிடப் போகிறீர்கள் என்று ஏட்டையா சொன்னார். நல்லது. நான் வாய் திறந்ததால்தானே அவளுக்கு அது கிடைத்தது. இதுவரைக்கும் அவளோ அவள் வீட்டு ஆட்களோ ஒரு வார்த்தை நன்றி சொல்லி அனுப்பவில்லை.